நடை மட்டும் போதுமா? ஐம்பதுக்குப் பிறகு தசை தேய்வதைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

ராயபுரத்தில் 1949ஆம் ஆண்டு கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கப்பட்ட ராபின்சன் பூங்கா, அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர் மாறி, இன்று விடியற்காலையில் ஐம்பதைக் கடந்தவர்களின் நடைபாதையாகிவிட்டது. நானும் அங்கே நடப்பவன்தான். நடந்து முடித்தபின் சிமெண்ட் பெஞ்சில் அமர்ந்து பேசும் பேச்சில் உப்பு, சுகர் மாத்திரை, பிரஷர் அளவு, கேழ்வரகுக் கூழ், வெந்தயத் தண்ணீர் எல்லாம் வந்துபோகும். ஆனால் அந்தப் பெஞ்சிலிருந்து எழுவதைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை.

எங்கள் கூட்டத்தில் துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்தேழு. தினமும் ஆறு சுற்று நடப்பார், வேகத்தில் என்னை முந்திவிடுவார். பெஞ்சிலிருந்து எழும்போதுதான் சங்கடம். முதல் முயற்சியில் இடுப்பு நான்கு விரற்கடை மேலே வந்து மறுபடியும் பெஞ்சில் விழும். அதன்பிறகு இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, உடம்பை ஒருமுறை முன்னால் வீசி, அந்த வேகத்தில் எழுவார். "ஒண்ணுமில்ல தம்பி, மூட்டு கொஞ்சம் புடிக்குது" என்பார். அவர் மூட்டில் கோளாறு இல்லை என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவரே சொல்லிவிட்டார். தேய்ந்திருப்பது மூட்டுக்கு மேலே இருக்கும் தொடைத் தசை. தினமும் ஆறு சுற்று நடக்கும் ஒருவருக்கு அது எப்படித் தேயும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

எடை மெஷின் சொல்லாத கணக்கு

"ஐம்பதுக்குமேல் வெயிட்டைக் குறைக்க வேண்டும்" என்ற அறிவுரை எல்லோர் வாயிலும் இருக்கிறது. எடை கூடியவர்களுக்கு அது சரியான அறிவுரையும்கூட. ஆனால் எடை மெஷின் ஒரே ஓர் எண்ணைத்தான் காட்டும். எலும்பு, தண்ணீர், கொழுப்பு, தசை எல்லாம் சேர்ந்த மொத்தம் அது. ஐந்து கிலோ குறைந்துவிட்டது என்று ஒருவர் மகிழும்போது, குறைந்த ஐந்தில் எத்தனை கிலோ கொழுப்பு, எத்தனை கிலோ தசை என்பதை அந்த மெஷின் சொல்லாது. எடை மாறாமலேயே இருக்கும்போதும் உள்ளுக்குள் தசை குறைந்து, அதே அளவுக்குக் கொழுப்பு ஏறியிருக்கலாம். சட்டை அளவு அதேதான், வேட்டி கட்டும் இடம்தான் சற்று இறங்கியிருக்கும்.

இது நம் நாட்டு உடம்புக்குக் கூடுதலாகப் பொருந்தும். புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் உடலையே அளந்து, 2004ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் எண் இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்ப்பதற்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. தசைக் கையிருப்பு குறைவாக வைத்துக்கொண்டே ஐம்பதை எட்டுகிறவர்கள் நம்மில் நிறையப்பேர்.

வயதாவதால் தசையின் அளவும் வலுவும் இயல்பைவிட மிகுதியாகக் குறைந்துபோகும் நிலையை மருத்துவத்தில் சார்கோபீனியா என்பார்கள். 1989இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் கிரேக்கச் சொற்களிலிருந்து உண்டாக்கிய பெயர் இது. 'சதைப் பற்றாக்குறை' என்று பொருள் கொள்ளலாம். எளிமைக்காக இனி இதைத் தசைத்தேய்வு என்றே குறிப்பிடுகிறேன். இது ஐம்பதாவது பிறந்தநாளன்று திடீரென்று வருவதில்லை. முப்பதுகளிலேயே மெல்லத் தொடங்கி, பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குப்பின் அந்த வேகம் கூடுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் குறைவதால் எலும்போடு சேர்ந்து தசையும் சற்று விரைவாகவே இறங்கும். இருபாலருக்கும் பொதுவான ஒன்று உண்டு: தசையின் அளவு குறைவதைவிட அதன் வலு குறைவது வேகமாக நடக்கிறது. அதனால்தான் கால் மெலிந்தது கண்ணில் படுவதற்கு முன்பே, எழுவது சிரமமாகிவிடுகிறது.

கடற்கரை கற்றுத்தரும் பாடம்

தசை ஏன் தேய்கிறது என்பதை விளக்க வடசென்னைக்காரர்களுக்கு வெளியூர் உதாரணம் எதுவும் தேவையில்லை. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரமாகப் போய்வந்தால் போதும். அங்கே மணற்கரை இருந்த இடத்தில் இப்போது கருங்கல் கொட்டிய சுவர் இருக்கிறது. கடல் உள்ளே வந்துவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் கடலுக்குப் புதிதாகக் கோபம் எதுவும் வந்துவிடவில்லை. நம் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதே இல்லை; அலையோடு சேர்ந்து ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது, மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. கரையில் ஓரிடத்தில் ஒரு கூடை மணல் போனால், தெற்கேயிருந்து இன்னொரு கூடை மணல் வந்து அந்த இடத்தை நிரப்பும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியபின் வரவு தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே எப்போதும்போல மணல் போய்க்கொண்டிருந்தது, வரவுதான் இல்லை. கரை கரைந்தது.

தசையும் அந்த மணற்கரையைப் போன்றதுதான். தண்ணீரைக் கழித்துவிட்டால் தசை பெரும்பாலும் புரதத்தால் ஆனது. புரதம் என்பது உடலின் கட்டுமானப் பொருள். மீன், முட்டை, பருப்பு, பால் ஆகியவற்றிலிருந்து நமக்குக் கிடைப்பது. ஒருமுறை கட்டிய தசை அப்படியே வாழ்நாள் முழுவதும் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது தவறு. தசையிலுள்ள புரதத்தில் சுமார் 1 முதல் 2 சதவீதம் தினமும் உடைந்து போகிறது, அதே அளவு புதிதாகக் கட்டப்படுகிறது. இளம் வயதில் வரவும் செலவும் சமமாக இருப்பதால் கரை அகலம் மாறாமல் நிற்கிறது.

கட்டும் வேலையைத் தொடங்கச் சொல்லித் தசைக்கு இரண்டு தகவல்கள் போகவேண்டும். ஒன்று, பாரம்: தசை தனக்குப் பழக்கமில்லாத ஒரு கனத்தை இழுத்தோ தள்ளியோ சிரமப்பட வேண்டும். மற்றொன்று, உணவு: சாப்பிட்ட புரதம் செரித்து இரத்தத்தில் வந்து சேரவேண்டும். ஐம்பதுக்குப்பின் உடைவது பெரிதாகக் கூடிவிடுவதில்லை. இந்த இரண்டு தகவல்களுக்கும் தசையின் காது மந்தமாகிவிடுகிறது என்பதே முக்கிய மாற்றம். இருபது வயதில் ஒரு முட்டை சாப்பிட்டால் தொடங்கிய கட்டுமானம், அறுபது வயதில் இரண்டு சாப்பிட்டால்தான் தொடங்கும் என்று தோராயமாகச் சொல்லலாம். ஆனால் நம் வழக்கமோ நேர்மாறு. வயதானால் அரைவயிறு சாப்பிட வேண்டும், கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி, மந்தமான காதுக்கு இன்னும் மெதுவாகப் பேசுகிறோம்.

இதுவரை சொன்னதைத் திரட்டினால்: தசை என்பது தினமும் கரைந்து தினமும் கட்டப்படும் ஒன்று. வயதாகும்போது கட்டுமானத்தின் வரவு குறைவதால்தான் கரை சுருங்குகிறது. வரவைத் தூண்டுபவை பாரமும் புரதமும். முதுமையில் இரண்டும் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

ஒயர் அறுந்த தெருவிளக்குகள்

தசை தானாக இயங்காது. முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பும் பல தசை இழைகளோடு இணைந்திருக்கும். தசை இழை என்பது தலைமுடியைப் போல மெல்லிய, சுருங்கி விரியும் ஒரு நூல். அப்படி ஆயிரக்கணக்கான நூல்களின் கட்டுதான் தசை. ஒரு நரம்பையும் அதோடு சேர்ந்த இழைகளையும், ஒரே லைனில் எரியும் தெருவிளக்குகளாக எண்ணிக்கொள்ளலாம். வயதாகும்போது சில லைன்கள் செத்துப்போகின்றன. அப்போது பக்கத்து லைன், இருட்டில் விடப்பட்ட விளக்குகள் சிலவற்றுக்குத் தன் ஒயரை நீட்டி மின்சாரம் கொடுக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து இழுத்துக்கொண்ட கனெக்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஈ.பி.க்காரர் கோபிக்கமாட்டார் என்றால். அப்படி ஒயர் கிடைக்காத இழைகள் சுருங்கி மறைகின்றன.

இழைகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை மெதுவாக இயங்கும், களைப்படையாது. நிற்பதும் நடப்பதும் இதன் வேலை. மற்றொரு வகை வேகமானது, வலுவானது, விரைவில் களைப்பது. எழுவது, படியேறுவது, இடறும்போது சட்டென்று கால் எடுத்து வைப்பது ஆகியவை இதன் வேலை. முதுமையில் பெரும்பாலும் தேய்வது இந்த வேக இழைகளே. நம் பெரியவரின் புதிர் இங்கே அவிழ்கிறது. அவர் தினமும் ஆறு சுற்று நடந்து மெதுவான இழைகளை வேலை வாங்குகிறார். வேக இழைகளுக்குக் கூப்பிடு ஓசையே போவதில்லை.

வயதானவர்கள் விழுவதும் பெரும்பாலும் இப்படித்தான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவே, பெயர்ந்த நடைபாதைக் கல்லில் எவர் வேண்டுமானாலும் இடறலாம். இருபத்தைந்து வயதுப் பையனின் கால், கண் இமைக்கும் நேரத்தில் முன்னால் போய்த் தாங்கிவிடும். அறுபத்தைந்து வயதுக்காரருக்குக் கால் போக வேண்டும் என்று தெரியும், போவதற்குள் தரை வந்துவிடும். இடறுவதைத் தடுப்பது மாநகராட்சியின் வேலை என்றால், இடறியபின் நிற்பது வேக இழைகளின் வேலை.

இடம் இல்லாத கிடங்கு

தசைத்தேய்வு என்றதும் பலர் இதைப் பலவீனம் சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். சுகருக்கும் இதற்கும் உள்ள உறவு அதைவிடப் பெரியது.

கொத்தவால் சாவடியில் சந்தை இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1996இல் அது கோயம்பேட்டுக்குப் போவதற்கு முன், விடிவதற்குள் லாரிகள் வந்து நிற்கும்; சரக்கு கிடங்குக்குள் போய்விட்டால் தெரு காலியாகும். கிடங்கு சிறியதென்றால், அல்லது நேற்றைய மூட்டையே உள்ளே கிடக்கிறதென்றால், லாரிகள் தெருவில் நின்று வழியை அடைக்கும். நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் செரித்துச் சர்க்கரையாக இரத்தத்தில் வந்து நிற்கிறது, இரத்தம்தான் தெரு. இன்சுலின் என்ற ஹார்மோன் கிடங்கின் கதவைத் திறக்கும் காவலாளி. அந்தக் கிடங்குகளில் மிகப் பெரியது நம் தசை. இன்சுலின் தூண்டுதலால் இரத்தத்தை விட்டு வெளியேறும் சர்க்கரையில் பெரும்பங்கு தசைக்குள்தான் போகிறது.

தசை தேய்ந்தால் கிடங்கு சிறுக்கிறது. தசை வேலை செய்யாமல் இருந்தால் நேற்றைய மூட்டை வெளியே போவதில்லை. இரண்டிலும் சர்க்கரை தெருவில் நிற்கும். இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2023இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை பேருக்கும் சோற்றைக் குறைக்கச் சொல்லி அறிவுரை கிடைத்திருக்கும். தசையைக் கூட்டச் சொல்லி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள்? லாரியைக் குறைப்பது ஒரு வழி. கிடங்கைப் பெரிதாக்குவதும் ஒரு வழி. சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தாலே சுகர் ஏறுவது குறைவதற்குக் காரணம், வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்வதுதான். ஆகவே பூங்காக்காரர்கள் எவரும் நடையை விட்டுவிட வேண்டாம். இதயத்துக்கும் பிரஷருக்கும் மனத்துக்கும் அது செய்யும் நன்மையைப் பாரப் பயிற்சி மட்டும் ஈடுசெய்துவிடாது.

சுருக்கமாக: நடை இதயத்துக்கு, பாரம் தசைக்கு. தசை வளர்ந்தால் விழாமல் இருக்கவும் சுகர் அடங்கவும் உதவும். ஒன்றை வைத்து மற்றொன்றைக் கழித்துக்கொள்ள முடியாது.

குடமும் அடிபம்பும் இருந்த காலம்

"எங்க அம்மா எந்த ஜிம்முக்குப் போச்சு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. தண்டையார்பேட்டையில் என் சிறுவயதில் எங்கள் தெருவுக்கு ஒரே அடிபம்பு. அம்மா ஒரு குடம் அடிப்பதற்கு முப்பது நாற்பது முறை கைப்பிடியை அழுத்த வேண்டும். நிறைந்த பிளாஸ்டிக் குடம் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அதை இடுப்பில் ஏற்றி, இரண்டு மாடி ஏறி, டிரம்மில் கவிழ்த்துவிட்டு மறுபடியும் இறங்குவார். ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை. ஆட்டுக்கல் வேறு. தரையில் உட்கார்ந்து சாப்பாடு, தரையில் உட்கார்ந்து காய் நறுக்கல், குந்தி உட்கார்ந்து பாத்திரம் விளக்கல். ஒரு நாளில் எத்தனை முறை தரைக்கும் நிற்கும் நிலைக்கும் இடையே அவர் உடம்பு ஏறி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இன்றைய ஜிம் பயிற்சியாளர் எழுதித் தரும் அட்டவணை சிறியதாகத் தெரியும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அதே குடம்தான் அம்மாவின் முதுகை வளைத்தது. ஒரே பக்க இடுப்பில், ஓய்வே இல்லாமல், போதிய சாப்பாடும் இல்லாமல் சுமந்த பாரம் அது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் கஷ்டத்தை உடற்பயிற்சி என்று புகழ்பவர்கள் ஒருநாள் அந்த வரிசையில் நின்று பார்க்கலாம். சொல்லவந்தது வேறு: குழாய் வீட்டுக்குள் வந்தது, மிக்சி வந்தது, டைனிங் டேபிள் வந்தது, வெஸ்டர்ன் டாய்லெட் வந்தது. எல்லாம் வரவேண்டியவையே. ஆனால் அவை ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்டு போன பாரத்துக்குப் பதிலாக நாம் எதையும் வைக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் இயக்கத்தோடு, வாரத்தில் இரண்டு நாளாவது உடலின் முக்கியத் தசைகளுக்குப் பாரம் கொடுக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. அறுபத்தைந்து கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாள், தள்ளாடாமல் நிற்பதற்கான பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் பாதி நம் காதில் விழுந்துவிட்டது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம்கூட எட்டு கிலோமீட்டர் நடைபாதைதான். இரண்டாம் பாதியைப் பற்றிய பேச்சு இன்னும் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை.

வடசென்னைக்கு இது அந்நியமான சங்கதியே இல்லை என்பதுதான் வேடிக்கை. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று தேகப்பயிற்சி நிலையங்களில் வளர்ந்த ஊர் இது. குத்துச்சண்டை வீரர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர். பஸ்கி என்றால் குந்தி எழுவது. ஐம்பது வயதுக்காரர் செய்யவேண்டியது அதே பஸ்கியின் பாதி: கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, எழுந்து நின்று, மறுபடியும் மூன்று எண்ணும்வரை மெல்ல இறங்கி உட்காருவது. தொப்பென்று விழக்கூடாது, மெல்ல இறங்கினால்தான் இறங்கும்போதும் தொடை உழைக்கும். பத்து முறை செய்துவிட்டுச் சற்று ஓய்வு, பிறகு மறுபடியும் பத்து. கைக்கும் மார்புக்கும், சுவரில் உள்ளங்கை ஊன்றிச் செய்யும் தண்டால். முதுகுக்கும் தோளுக்கும், தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைக் குனிந்த நிலையில் இடுப்புவரை இழுப்பது. கெண்டைக்காலுக்கு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. அப்படியே ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நின்றால் தள்ளாட்டத்துக்கான பயிற்சியும் ஆயிற்று. தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தில் எஸ்கலேட்டருக்குப் பக்கத்திலேயே படியும் இருக்கிறது.

எவ்வளவு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பத்தில் கடைசி இரண்டு மூன்று முறை உண்மையிலேயே சிரமமாக இருக்க வேண்டும். பத்தும் சுலபமாக வந்துவிட்டால் தசைக்குத் தகவல் போகவில்லை என்று பொருள். அப்போது நாற்காலியின் உயரத்தைக் குறைக்கலாம், மடியில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துக்கொள்ளலாம். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கக் கூடாது, குறிப்பாகப் பிரஷர் உள்ளவர்கள். எழும்போது மூச்சை விட வேண்டும். இதய நோய் உள்ளவர்களும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குவதே முறை.

"முட்டி வலி இருக்கிறதே, குந்தி எழலாமா?" என்று கேட்பார்கள். மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் முதலில் சொல்லும் சிகிச்சைகளில் ஒன்று தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிதான். தொடை தாங்காத பாரம் முழுவதையும் மூட்டு தாங்க வேண்டியிருப்பதே வலிக்கு ஒரு காரணம். வலி வராத உயரத்தில் நாற்காலியை வைத்துத் தொடங்கினால் போதும்.

வயது கடந்துவிட்டது என்ற சாக்குக்கு 1990லேயே பதில் வந்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் எட்டு வாரம் கால்களுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் காது மந்தமாக இருக்கலாம், செவிடாகிவிடவில்லை.

தட்டில் எவ்வளவு இருக்கிறது

இந்தியர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்று ஐ.சி.எம்.ஆர். அமைப்பின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது பல நாட்டு முதியோர் மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 60 முதல் 72 கிராம்.

நம் வழக்கமான ஒரு நாளை எழுதிக் கூட்டிப் பார்த்தேன். காலையில் மூன்று இட்லி, சாம்பார், சட்னி: சுமார் 10 கிராம். மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், கொஞ்சம் தயிர்: 17. மாலையில் டீயும் இரண்டு பஜ்ஜியும்: 4. இரவு இரண்டு தோசை, சட்னி: 8. மொத்தம் நாற்பதைத் தொடவில்லை. வயிறு நிறைகிறது, தசைக்கு வரவு இல்லை. சாம்பார் பருப்புதானே என்று கேட்கலாம். நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது ஊற்றுபவருக்குத் தெரியும்.

ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12க்கு மேல், நூறு கிராம் மீனில் சுமார் 20. காசிமேடு இருக்கும்போது மீனுக்கு வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. நெத்திலி, கவலை, காணாங்கெளுத்தி போன்ற விலை குறைந்த மீன்களிலும் புரதம் அதே அளவுதான். குழம்பில் நான்கு துண்டு கிடந்தால் கணக்கு நேராகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறும்போது முட்டையும் சுண்டலும் கைகொடுக்கும். மாலையில் பஜ்ஜி வாங்கும் காசுக்குச் சுண்டல் வாங்கினாலே குறையில் ஒரு பங்கு தீரும். மொத்தத்தையும் ஒரே வேளையில் அடைப்பதைவிட மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. நம் தட்டில் பெரும்பாலும் காலையும் இரவும்தான் வறுமை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. புரதம் எவ்வளவு என்பதை அவர்களுக்கு மருத்துவரே சொல்ல வேண்டும்.

படுக்கை எடுத்துக்கொள்ளும் விலை

"வயசாயிடுச்சு, ரெஸ்ட் எடுங்க" என்பது அன்பில் சொல்லப்படும் சொல். அதன் விலையை எங்கள் வீட்டில் நேரில் பார்த்தோம். எழுபத்திரண்டு வயதில் அம்மாவை நிமோனியா காய்ச்சலுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பன்னிரண்டு நாள். காய்ச்சல் சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு மாடி குடம் சுமந்த அந்தக் கால்கள், ஆட்டோவிலிருந்து இறங்கி வீட்டுப் படியில் ஏறுவதற்கு இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. காய்ச்சலின் பலவீனம் என்று நாங்கள் நினைத்தோம். கஞ்சி கொடுத்தோம், இன்னும் படுக்க வைத்தோம்.

2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் பன்னிரண்டு பேரைப் பத்து நாள் முழுவதும் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் சராசரியாகச் சுமார் ஒரு கிலோ தசை போய்விட்டது. அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை, படுக்கை மட்டும்தான். மருத்துவமனையில் இருக்கும்போதே, மருத்துவர் அனுமதித்த அளவில், சாப்பாட்டுக்குக் கட்டிலைவிட்டு நாற்காலியில் உட்கார வைப்பதும் கழிப்பறைக்குத் தாங்கி நடத்திப் போவதும் சிகிச்சையின் பகுதிதான். வீடு திரும்பியபின் கஞ்சியோடு ஒரு முட்டை. இதைப் பின்னால் அம்மாவுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் எங்களுக்கு விளக்கினார். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. மாத்திரையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டிலேயே அளந்து பார்க்க

ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் சில எளிய அளவுகளை வகுத்தது. நாற்காலியில் கைகளைக் கட்டியபடி ஐந்து முறை எழுந்து உட்காருவதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். வழக்கமான நடையில் ஆறு மீட்டரைக் கடக்க ஆறு விநாடிக்கு மேல் ஆனாலும் அப்படியே. கெண்டைக்காலின் பருத்த இடத்தில் தையற்கார நாடாவால் சுற்றி அளந்தால் ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33க்கும் குறைவாக இருப்பது இன்னோர் அடையாளம். இவை நோயை உறுதிப்படுத்தும் சோதனைகள் அல்ல. மருத்துவரைப் பார்க்கலாம் என்று சொல்லும் மணிகள். முயற்சி எதுவும் இல்லாமல் சில மாதங்களில் எடை வேகமாக இறங்கினால் வயது என்று விட்டுவிடக் கூடாது. கட்டுக்கடங்காத சுகர், தைராய்டு, காசநோய், புற்றுநோய் என்று அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். ஒரு பக்கக் கையோ காலோ திடீரென்று வலுவிழந்தால் அது தசைத்தேய்வே இல்லை. பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போன மார்கழியில் பூங்காப் பெஞ்சில் வைத்து நம் பெரியவருக்கு என் செல்போனில் விநாடி எண்ணினேன். கைகளைக் கட்டச் சொன்னால் முதல் முறையே எழ முடியவில்லை. பெஞ்சின்மேல் தடித்த செய்தித்தாள் கட்டு ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டியபின் ஐந்து முறைக்கு 21 விநாடி ஆயிற்று. இப்போது அவர் நான்கு சுற்றுதான் நடக்கிறார், மிச்ச நேரத்தைப் பெஞ்சில் எழுந்து உட்காருவதில் செலவிடுகிறார். பங்குனியில் செய்தித்தாள் கட்டை எடுத்துவிட்டோம். போன வாரம் 14 விநாடி. "இன்னும் ரெண்டு செகண்டு தம்பி" என்றவர், என்னையும் கையைக் கட்டி உட்காரச் சொல்லிவிட்டுச் செல்போனை வாங்கிக்கொண்டார்.